கை காட்டினால் நிற்கும் ரயில்

எனக்கு லண்டன் பார்க்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. தங்கை பரமேஸ்வரியின் மகளுக்குக் கல்யாணம், வராவிட்டால் இந்த ஜென்மத்தில் உங்களோடு கதைக்க மாட்டேன் என்று அவள் எழுதிவிட்டாள். திருச்சியில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறவனுக்கு, மிச்சமிருக்கிற ஒரு தங்கையையும் பகைத்துக்கொள்ள வசதியில்லை. புறப்பட்டு வந்தேன்.

நான் யாழ்ப்பாண ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். சண்டையில் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகுழிக்கென்று கழற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். ரயில் வராத ஊரில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்ன வேலை, இந்தியாவுக்கு வள்ளம் ஏறினேன். மனைவி அதற்கு முன்னமே காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. வேலை போனாலும் ரயில்வே விதிப்புத்தகம் மட்டும் உடம்பைவிட்டுப் போகவில்லை. இந்தப் பயணத்தில் நான் அதிர்ந்ததற்கும், அதைவிட மோசமாக நடந்துகொண்டதற்கும் அதுதான் காரணம்.

வியாழக்கிழமை காலை விமான நிலையத்துக்கு மணப்பெண் சுகந்தியே வந்திருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கிறபோது பெண் வெளியே திரியலாமா என்று கேட்டேன். "மாமா, இண்டைக்கு மட்டும்தான் எனக்கு லீவு. நாளைக்குப் பின்னேர ஷிப்ட்" என்றாள். வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் முதல் அதிர்ச்சி.

பாதாள ரயில் இரண்டாவது. கொடி இல்லை, விசில் இல்லை, கதவு தன்பாட்டில் மூடுகிறது. ஒரு கிழவருடைய ஓவர்கோட்டின் நுனி கதவில் சிக்கிவிட்டது. மனிதர் திரும்பியும் பார்க்காமல் அடுத்த ஸ்டேஷன் வரை அப்படியே நின்று பேப்பர் வாசித்தார். என் ஸ்டேஷனில் இது நடந்திருந்தால் கார்டுக்கும் எனக்கும் மூன்று மாத விசாரணை. "ஆரிட்டையாவது சொல்லு பிள்ளை" என்றேன். "மாமா, இங்க ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை" என்று சுகந்தி என் காதுக்குள் சொன்னாள். பெட்டி நிறைய ஆட்கள், ஒரு செத்தவீட்டில்கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

தங்கை வீடிருக்கும் டூட்டிங்கில் வெளியே வந்தபோது உயிர் வந்தது. கடை வாசலில் முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் கிடந்தது. உள்ளே கருவாட்டு மணம். இரண்டு பேர் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதுவும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில். பரமேஸ்வரி வீட்டில் இடியப்பமும் சொதியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். நான் மூன்றாவது இடியப்பத்தில் கை வைத்தபோது விஷயத்தைத் தொடங்கினாள்.

"பெரியண்ணை, நாளைக்கு நீங்கள் ஒரு இடத்துக்குப் போகவேணும். சின்னண்ணையைக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

சின்னண்ணை என்றால் குகன். எனக்கு இளையவன், பரமேஸ்வரிக்கு மூத்தவன். படிக்கவென்று இங்கிலாந்துக்கு வந்து, நாட்டுப்புறத்தில் ஒரு பால் தொழிற்சாலையில் இன்ஜினியராகி, டோரீன் என்ற வெள்ளைக்காரியைக் கட்டப்போகிறேன் என்று இருபத்தைந்து வருடத்துக்கு முன் கடிதம் போட்டான். அப்பா அதை வாசித்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் என்னிடம் நீட்டினார், பதில் எழுது என்று. எழுதினேன். அதற்குப் பிறகு குகன் எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை.

"நீ இவ்வளவு காலமும் இந்த நாட்டில இருந்துகொண்டு அவனோட கதைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், ஒருத்தரும் அவரோட கதைக்கக்கூடாது எண்டு."

அப்படிச் சொன்னதையே நான் மறந்துவிட்டேன். இவள் அதைக் கடல் தாண்டி லண்டன் வரை கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறாள்.

இப்போது குகன் எதற்கு என்றால், தாரைவார்க்க. சுகந்தியின் தகப்பன் இல்லை. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க ஒரு சோடி வேண்டும், புருஷன் கை பிடிக்க மனைவி நீர் ஊற்ற வேண்டும். தாய்மாமன் நான் இருக்கிறேன், ஆனால் மனைவி இல்லாதவன் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. தூரத்துச் சொந்தத்தில் சோடிகள் இல்லாமலில்லை. சுகந்திதான் ஒற்றைக்காலில் நிற்கிறாள், சொந்த மாமன் இந்த நாட்டில் இருக்கும்போது யாரோ ஒருவர் கையால் என்னைக் கொடுக்க வேண்டாம், அப்படியென்றால் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடிக்கிறேன் என்று.

"நம்பரைத் தேடிப் பிடிச்சு ரெலிபோன் எடுத்தனான்" என்றாள் பரமேஸ்வரி. "எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார். 'அண்ணை நேரில வந்து கூப்பிட்டா வாறன், இல்லாட்டி இல்லை' எண்டுபோட்டு வைச்சிட்டார்."

வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் சுகந்தி ஒருத்திதான், அவளுக்கு ஷிப்ட். ஆகவே வெள்ளிக்கிழமை காலை, கல்யாண அழைப்பிதழ், வெற்றிலை, பாக்கு, ஒரு பட்டுச் சேலை எல்லாம் வைத்த பையோடு நான் ரயில் ஏறினேன்.

அந்த ரயிலில் எனக்கு எதிரே ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. சீட்டில். அதன் சொந்தக்காரி நின்றுகொண்டிருந்த ஒருவரிடம், "அவனுக்கு ஜன்னல் பக்கம்தான் பிடிக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள். அவர் நாயைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போனார். எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைச் சாக்குக்குள் ஒளித்துக் கொண்டுபோன கிழவிகளை நான் இறக்கிவிட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் என் கண்ணுக்குள் வந்துபோனார்கள்.

பசிக்கு ரயில் கன்டீனில் ஒரு சாண்ட்விச் வாங்கினேன். பாணின் நடுவே சீஸ், அதன் மேல் ஊறுகாய் என்று ஒரு இனிப்புக் களி. ஐஸ்போலக் குளிர்ந்து கிடந்தது. சாப்பாட்டைச் சுட வைக்காமல் விற்கிற ஒரு தேசம் எப்படி இத்தனை நாட்டைப் பிடித்தது என்று யோசித்துக்கொண்டே விழுங்கினேன்.

பெரிய ஸ்டேஷன் ஒன்றில் இறங்கி, இரண்டே பெட்டியுள்ள டீசல் ரயிலுக்கு மாறினேன். ஒற்றைப் பாதை, இரண்டு பக்கமும் பச்சை வயல், செம்மறி. கார்ட் வந்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்கே இறங்குவது உறுதிதானே? நான் டிரைவரிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நிற்க மாட்டோம்" என்றார்.

"அட்டவணையில் அந்த ஸ்டேஷன் இருக்கிறதே."

"இருக்கிறது. கேட்டால் நிற்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. இதென்ன ரயிலா, மினிபஸ்ஸா? ரயில் நிற்பதை ஸ்டேஷன் தீர்மானிக்க வேண்டும். சிக்னல் தீர்மானிக்க வேண்டும். வழிப்போக்கன் யார் அதைத் தீர்மானிக்க? ஆனாலும் தயவாக, "நிறுத்தச் சொல்லுங்கள்" என்றேன். இறங்குவதற்குக் கார்டிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஏறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ரயில் என்னை மட்டும் இறக்கிவிட்டுப் போனது. டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி, அதை வாங்கிக்கொள்ள ஆள் தேடிப் பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன். ஒரு குஞ்சு குருமான் இல்லை. டிக்கெட் ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. மணி தொங்கிய கொக்கியில் செடித் தொட்டி. எதிர்ப்பக்கப் பிளாட்பாரம் இருந்தது, அதற்குத் தண்டவாளம் இல்லை, புல் முளைத்துக் கிடந்தது. தண்டவாளத்தை இவர்களும் கழற்றியிருக்கிறார்கள், குண்டு விழாமலே. முதல் வகுப்புப் பயணிகள் நின்றிருக்க வேண்டிய கூரையின் கீழே கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டிருந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறை விரித்துக்கொண்டிருந்தான்.

அவன் திரும்பினான். குகன். தலை முழுக்க வெள்ளை. கையில் உடுப்புக் கவ்வி.

என்னையும் என் கையிலிருந்த டிக்கெட்டையும் பார்த்தான். "அதை வாங்க ஆள் இல்லை அண்ணை. பொக்கற்றுக்க வையுங்கோ" என்றான்.

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு என் தம்பி என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இஞ்ச என்ன செய்யிறாய்?"

"இதுதான் வீடு. டோரீனின்ர தகப்பன்தான் இந்த ஸ்டேஷனுக்குக் கடைசி ஸ்டேஷன் மாஸ்டர். வேலை முடிஞ்ச பிறகு கட்டடத்தை அவருக்கே வித்துப்போட்டாங்கள்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தில் ஒரு வரி எனக்கு மனப்பாடமாக நினைவிருக்கிறது. 'யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத ஒருத்தியை எங்கள் வீட்டுப் படி ஏற்ற மாட்டோம்.' அவளைப் பெற்றவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். குகன் தன் கடிதத்தில் அதை எழுதியிருந்தானா என்றுகூட நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரி என்ற சொல்லோடு எனக்குக் கண் நின்றுவிட்டது.

டோரீன் உள்ளேயிருந்து வந்தாள். கட்டையான, சிவந்த கன்னமுள்ள மனுஷி. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "வாருங்கள் அண்ணை" என்றாள். 'அண்ணை' மட்டும் தமிழில், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். அந்தச் சொல்லை எனக்காக எத்தனை நாள் பழகினாளோ.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு. நான் நம்பவில்லை, குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு சட்டியில் பழைய துணி கட்டி அவித்திருந்தாள். மாவு கொஞ்சம் களிதான், ஆனால் தேங்காய்ப்பூ குறையில்லாமல் போட்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவள் ஸ்டேஷன் கதையைச் சொன்னாள். தாத்தா காலத்தில் இங்கே இரண்டு பாதை, சிக்னல் கூண்டு, நிலக்கரி முற்றம், சந்தை நாளுக்கு மாடு ஏற்றத் தனி மேடை. விடியற்காலை பால் ரயில், கேன்கள் உருளுகிற சத்தத்தில்தான் ஊர் எழும்பும். பிறகு லாரி வந்தது. முதலில் போர்ட்டரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பிறகு சிக்னல்காரரை. பிறகு டிக்கெட் கிளார்க்கை. அந்தக் கிளார்க் டோரீன்தான், பால் தொழிற்சாலையிலிருந்து வரும் குகனுக்கு அவள் டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஜன்னல்தான் இப்போது பூப்போட்ட திரை தொங்குகிற ஜன்னல். கடைசியாக டோரீனின் அப்பாவை எடுத்தார்கள்.

"அப்பா அதற்குப் பிறகும் சாகும்வரை தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொரு ரயிலுக்கும் வெளியே போய் நிற்பார்" என்றாள். "சம்பளம் இல்லை, யாரும் கேட்கவுமில்லை."

"இப்போது எத்தனை ரயில்?"

"ஒரு பக்கத்துக்கு ஐந்து. கோடை வரும்வரை ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கல்யாணம் ஞாயிறு காலை. சனிக்கிழமை புறப்படாவிட்டால் காரியம் கெட்டது. குகனுக்கு நெஞ்சு வருத்தம் வந்தபிறகு டாக்டர் கார் ஓட்டக்கூடாது என்றதால் காரை விற்றுவிட்டார்கள். ரயில்காரர் வீட்டுப் பிள்ளை, டோரீன் கார் பழகவே இல்லை.

"உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்று டோரீன் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். அது பழைய ஸ்டேஷன் மாஸ்டர் அறை. சுவரில் அவள் அப்பாவின் தொப்பி, விசில், கைவிளக்கு. நடுவில் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு மஞ்சள் பூத்த காகிதம். கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் ரயில்வேயின் தந்திப் படிவம். கீழ் மூலையில் வட்ட முத்திரை. என் ஸ்டேஷன் பெயர்.

முத்திரையை இன்னொரு முறை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"நீங்கள் குகனுக்கு எழுதிய கல்யாண வாழ்த்து" என்றாள் டோரீன். "எழுத்துப் பக்கம் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா திருப்பிப் பார்த்துவிட்டுத் துள்ளாத குறை. அச்சு அசல் தன்னுடைய படிவம் மாதிரியே இருக்கிறதாம். மாப்பிள்ளையின் அண்ணன் நம்ம ஆள் என்று ஊர் முழுக்கச் சொன்னார். இந்தப் பக்கத்தை வெளியே காட்டி அவரே சட்டம் போட்டார்."

அந்தப் பதிலை எழுதக் காகிதம் தேட நேரமில்லாமல், இரண்டு ரயிலுக்கு நடுவே, ஸ்டேஷன் மேசையில் கிடந்த படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தப் பின்பக்கம் இத்தனை வருடமும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் திரும்பிக் குகனைப் பார்த்தேன். அவன் கதவடியில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்த்து என்று சொன்னவன் அவன்தான். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான், அல்லது அவளுடைய மனதை. இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.

தட்டில் வெற்றிலை, பாக்கு, அழைப்பிதழ், சேலை எல்லாம் வைத்தேன். "ரெண்டு பேரும் வந்து பிள்ளையைத் தாரைவார்த்துக் குடுக்கவேணும்" என்று நின்றபடி கேட்டேன். குகன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். டோரீன் அவன் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். தட்டை வாங்கினான்.

சனிக்கிழமை மத்தியான ரயிலுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று பேரும் வெளிக்கிட்டு, பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் நின்றோம். வீட்டுக் கதவைத் திறந்தால் பிளாட்பாரம், இதைவிட வசதி யாருக்கு வரும். குகன் கோட் சூட், தலையில் தட்டைத் தொப்பி. நான் விளிம்பிலிருந்து முறைப்படி தள்ளி நின்றேன்.

வளைவில் ரயில் தலை காட்டியது. உடனே குகன் விளிம்புக்குப் போய், தொப்பியைக் கழற்றி, ரயிலைப் பார்த்துப் பலமாக வீசினான்.

என் உடம்பு என்னைக் கேட்காமல் பாய்ந்தது. கொடி இல்லாத இடத்தில் எதைப் பலமாக வீசினாலும் அது அபாயக் குறி. காரணமில்லாமல் காட்டுவது குற்றம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஸ்டேஷன் மாஸ்டர் அதைவிடப் பெரிய குற்றவாளி. "டேய், விசரா" என்று அவன் கையை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தேன். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் பின்னால் தடுமாறினோம். தொப்பி தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தான். வழியனுப்ப வந்தவர்கள் ஏதோ கூத்தடிக்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, ஹாரன் ஒன்று அடித்துவிட்டு வேகம் எடுத்தான். இரண்டு பெட்டியும் தொப்பியின் மேலால் போயின.

நான் இன்னும் அவன் கையை விடவில்லை.

"அவர் ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டேன்.

"கை காட்டினால்தானே நிற்கும்" என்றாள் டோரீன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

குகன் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்து எடுத்தான். "ரெண்டாந்தரமும் மறிச்சுப்போட்டியள், அண்ணை" என்றான். கத்தவில்லை. பிளாட்பாரத்தின் கடைசி முனைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

டோரீன் உள்ளே ஓடி டெலிபோன் செய்தாள். பக்கத்து டவுனில் இருக்கிறது ஒரே ஒரு டாக்ஸி, அது வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. இனி மிச்சம் அந்தி ரயில் ஒன்றுதான். அதைப் பிடித்தால் எப்படியும் நடுச்சாமத்துக்குள் லண்டன். "ஆனால் அந்த ரயிலை நம்ப ஏலாது" என்ற கருத்தில் அவள் ஏதோ சொன்னாள். மங்கல் நேரம், இங்கே யாரும் ஏறமாட்டார்கள் என்று டிரைவர்மார் ஓட்டி வருவார்கள், போன மாதம் பாதிரியாரையே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

சுகந்தியை நினைத்தேன். மணவறையில் அவள் பக்கத்தில் காலியான இரண்டு பலகை.

டோரீன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குகன் உங்களிடம் என்ன சொன்னார்?"

நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய் சுவரில் தொங்குகிறது. "இரண்டாவது தரமும் மறித்துவிட்டேன் என்றான்" என்றேன்.

"முதல் தரம் எது?"

சொன்னேன். படிவத்தின் பின்பக்கத்தில் இருப்பது வாழ்த்து இல்லை என்றேன். அந்த வரியை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது என் சொந்தக் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. தமிழில் எழுதியபோது அதை நான் கம்பீரம் என்று நினைத்திருந்தேன்.

அவள் எழும்பி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன், அங்கே குகன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இனி இவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். ஏன் வர வேண்டும்? நானாக இருந்தால் வரமாட்டேன்.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. மூன்று கோப்பைத் தேத்தண்ணீரோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஒன்றைக் குகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவனோடு ஏதோ பேசினாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு திரும்பி என்னிடம் வந்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியாமல் போனதில் எனக்குச் சந்தோஷம்" என்றாள். "அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்டார்."

நான் தலையை நிமிர்த்தவில்லை. "என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை" என்றேன்.

"இன்றைக்குக் கேட்காதீர்கள், கிடைக்காது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"தண்ணீர் ஊற்ற வேண்டும். குகன் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பான், நீங்கள் செம்பிலிருந்து நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்." பிறகு கேட்டேன், "வருவீர்களா?"

"அந்தப் பிள்ளை எனக்கு அப்படியொரு கடிதம் எதுவும் எழுதவில்லையே" என்றாள் டோரீன்.

பைகளை எடுத்துவர நான் உள்ளே போனபோது மாஸ்டர் அறைக் கதவு திறந்திருந்தது. சட்டம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

வெளிச்சம் குறையத் தொடங்கியது. அப்பாவின் கைவிளக்கைக் கொண்டுவரட்டுமா என்று டோரீன் கேட்டாள். அதற்குக் கண்ணாடியும் இல்லை, எண்ணெயும் இல்லை. குகன் எங்கள் பக்கம் நடந்து வந்தான். வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"நீ போய்க் கையைக் காட்டு" என்றேன்.

"நான் காட்டமாட்டன். மறிச்ச ஆள் காட்டட்டும்."

தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. வளைவில் விளக்கு திரும்பியது. அது வேகமாகத்தான் வந்தது, டோரீன் சொன்னது சரி. என் கை இரண்டும் உடம்போடு ஒட்டிப்போய் நின்றன. ஒரு ரயிலை நான் கையால் நிறுத்தியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, தண்டவாளத்தில் மாட்டுவண்டி சிக்கியபோது. அதற்கே மேலிடத்துக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். இங்கே எந்த ஆபத்தைக் காட்டி நிறுத்த? பிறகு யோசித்தேன், இதைவிட என்ன ஆபத்து வர வேண்டும்? விளிம்புக்குப் போனேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன், விதிப்புத்தகத்தில் உள்ளபடி, விரல் விரித்து, நேராக.

பிரேக் கிறீச்சிட்டது. ரயில் பிளாட்பாரத்தின் நடுவில் குலுங்கி நின்றது. டிரைவர் ஜன்னலால் தலையை நீட்டினான். "என்ன நடந்தது? பாதையில் என்ன?"

"பாதையில் ஒன்றும் இல்லை" என்றாள் டோரீன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. "எங்களுக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும்."

டிரைவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். "அதற்கு ஒரு கை போதும் ஐயா" என்றான் என்னிடம்.

நான் கையை இறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குகன் வந்து என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டான். "காட்டினது காணும் அண்ணை, ஏறுங்கோ" என்றான். பெட்டிக்குள் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டான்.

ஞாயிறு காலை மண்டபத்தில் டோரீன் அந்தப் பட்டுச் சேலையில் வந்தாள். பரமேஸ்வரி கட்டிவிட்டது, பன்னிரண்டு ஊசி குத்தியிருந்தாள். ஐயர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ர தம்பி பெண்சாதி" என்றேன், சத்தமாக. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குகன் சுகந்தியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துப் பிடித்தான். டோரீன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டு நிற்காமல், செம்பு காலியாகும்வரை ஊற்றினாள். நிறுத்தலாம் என்று ஐயர் இரண்டு முறை சொல்லியும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. சுகந்தி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் தூணோரம் நின்று இரண்டையும் செய்தேன்.

நான் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்பு டூட்டிங் வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே பாவிக்காத வெற்றுத் தந்திப் படிவம் ஒன்று, தலையில் டோரீனின் அப்பாவுடைய ஸ்டேஷன் பெயர் அச்சடித்தது. கூடவே அவள் கையெழுத்தில் ஒரு துண்டு: 'ஆணி சும்மா இருக்கிறது, அண்ணை.'

சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தைத் திருப்பி, 'ஸ்டேஷன் மாஸ்டரின் மகளுக்கு' என்று தொடங்கினேன். இந்த முறை ஆங்கிலத்தில் எழுதினேன், அவளுக்கு வாசிக்க வேறு யாரும் தேவைப்படாதபடி. எழுதி முடிக்க ஒரு பின்னேரம் ஆனது. கையெழுத்துப் போட்டபிறகு அடியில் ஒரு வரி சேர்த்தேன்: எந்தப் பக்கத்தை வெளியே காட்டி மாட்டினாலும் எனக்குச் சம்மதம்.